பத்துக்கு எட்டு அறையில் எட்டாத குரல்

என் பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அப்பாவுக்கு,

இதனால் தங்களுக்கும், தங்களோடு மேலே லோடு இறக்க வரிசையில் நிற்கும் சகல ஓட்டுநர்களுக்கும் அறிவித்துக்கொள்வது யாதெனில், நமது வீட்டு உள்ளறையில் பதினோரு ஆண்டுகளாக அசையாமல் ஆட்சி செய்துவந்த அரிசி டிரம், கடந்த செவ்வாய்க்கிழமை காலை, அம்மா, நான், மைக் செட் மணி அண்ணன் ஆகிய மூவர் முன்னிலையில் இரண்டடி வடக்கே நகர்த்தப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பல்லி மட்டும் வீடு இழந்தது.

நீங்கள் இருந்தால் இதற்குள் திட்டியிருப்பீர்கள். "டிரம்ம நகத்துனதச் சொல்லவாடா போன் பண்ணுன, நான் ஓட்டிட்டிருக்கேன்" என்று. திட்ட ஆள் இல்லாமல் சேட்டை செய்வது உப்பில்லாமல் சாப்பிடுவது மாதிரி இருக்கிறது அப்பா. சாப்பிடத்தான் செய்கிறேன்.

டிரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. எதிர்ப்பக்கம் அதன் ஜோடி. நடுவில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ஆம்ப்ளிஃபயர். நம் வீட்டுக்கு ஸ்டீரியோ வந்துவிட்டது. அதில் ஓடுவது உங்கள் குரல் மட்டும்தான்.

உங்களுக்குத் தெரிந்த கதையை மற்றவர்களுக்காக ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அம்மாவும் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரே தறிக்குடோனில் வேலை பார்த்தவர்கள். இருபத்தி நாலு விசைத்தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் யார் என்ன கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பேசுவார்கள். உதடு அசைவதை வைத்தே நூல் அறுந்துவிட்டதா, டீ வந்துவிட்டதா, முதலாளி வருகிறாரா எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் அம்மாவிடம் "கட்டிக்கிறியா" என்று கேட்டதும் அப்படித்தான், சத்தமே வராமல். அம்மாவுக்குப் பின்னால் நின்ற ஆறு பேருக்கும் அது தெரிந்துவிட்டது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

பிறகு நீங்கள் லாரிக்குப் போனீர்கள். அம்மா தறியிலேயே நின்றாள். இருபத்தி ரெண்டு வருடத்தில் தறி அவள் காதை எடுத்துக்கொண்டது; கட்டிக்கொண்டபோதே பாதி போயிருந்தது. இப்போது அவளுக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. சேலம் ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷினை மாட்டிக்கொண்டு தறிக்குப் போனவள், அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டாள். "ஏற்கெனவே இருபத்தி நாலு தறி. இத மாட்டுனா நாப்பத்தி எட்டு ஓடுது" என்றாள். அது பீரோவில் நகைப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நகை இருக்க வேண்டிய இடம் காலியாகத்தானே கிடந்தது.

சிக்னல் கிடைக்கும் ஊரில் வீடியோ கால் போடுவீர்கள். உங்கள் உதட்டைப் பார்த்து அம்மா எல்லாம் புரிந்துகொள்வாள். சிக்னல் சரியாக இல்லாத இடத்தில் குரலைப் பதிந்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவீர்கள். நான் கேட்டு, அம்மா முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து அதைத் திருப்பிச் சொல்வேன். நம் குடும்பத்தின் ஒரே ஒலிபரப்பு நிலையம் அடியேன். உங்கள் இருமல், உங்கள் "அட கெரகமே", கியர் மாற்றும்போது நீங்கள் இழுக்கும் மூச்சு எல்லாவற்றையும் அப்படியே செய்துகாட்டுவேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

இடைச்செருகல் கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். "பையனுக்குக் கறி எடுத்துப் போடச் சொன்னாரும்மா" என்று நீங்கள் சொல்லாததை இரண்டு ஞாயிறு சொன்னேன். மூன்றாவது ஞாயிறு வீடியோ காலில் மாட்டிக்கொண்டேன். "எம்பேரச் சொல்லி எத்தன கிலோடா தின்ன" என்று கேட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். அந்த ஒன்றைத் தவிர நான் நாணயமான நிலையம்தான். ஊர் முழுக்க அப்படித்தான் பீற்றிக்கொண்டு திரிகிறேன்.

நாக்பூர் தாண்டி ஒரு குடோன் வாசலில், லோடு இறக்கக் காத்திருந்தபோது உங்கள் நெஞ்சு நின்றுபோனது. உங்களை வீட்டுக்குக் கொண்டுவர மூன்று நாள் ஆனது. அதைப் பற்றி எழுத எனக்கு வராது. நான் நையாண்டிக்குத்தான் லாயக்கு.

வருச திதி கொடுத்த மறுநாள் காலையில் அம்மா என் போனைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் உங்கள் குரல் பதிவு நாற்பத்தி மூன்று இருக்கிறது.

"கதிரு, இதுல அவிங்க பேசுனது எல்லாம் இருக்குதில்ல?"

"இருக்குதும்மா. எல்லாந்தான் உங்கிட்டச் சொல்லிட்டனே."

"நீ சொன்ன சாமி. அவிங்க சொல்லி நான் கேக்கலையில்ல. கட்டிக்கிட்டு இத்தன வருசம் ஆச்சு, அவிங்க கொரலு எப்பிடி இருக்கும்னு எனக்குச் சரியாத் தெரியாது. ஒரே ஒரு தடவ நானே கேக்கோணும்."

போனைக் காதோடு காதாக அழுத்திப் பார்த்தாள். ஏதோ கொசு மாதிரி கேட்கிறது என்றாள். இந்தக் காதில் வைத்தாள், அந்தக் காதில் வைத்தாள். பிறகு போனைத் துடைத்து என்னிடமே கொடுத்துவிட்டாள். நான் என்ன செய்வேன் அப்பா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "பெரிய சவுண்டா ஒரு செட்டு வாங்கிடலாம்மா. சவுண்டு விசயம் எங்கிட்ட வுட்டுரு" என்றேன். சவுண்டு விடுவதில் நான் யாருக்குக் குறைச்சல்?

சேலத்துக்கு பஸ் ஏறினேன். நம் பக்கம் பாட்டுப் பெட்டி வாங்க ஒரே சோதனைதான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். போட்டால் அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர் குதிக்க வேண்டும். குதித்தால் நல்ல பெட்டி, குதிக்காவிட்டால் ரேடியோ. கடைக்காரர் நாலைந்து பெட்டி போட்டுக் காட்டினார். நான் போனில் வைத்திருந்த குத்துப் பாட்டைப் போட்டு, "பேஸ் பத்தலைங்க, இன்னும் ஏத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. முகப்பில் கலர் விளக்கு. போட்டதும் கடைக் கண்ணாடி நடுங்கியது. என் பனியன் தனியாக ஆடியது. இதுதான் அப்பாவுக்கு ஏற்ற பெட்டி என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் வைத்து உங்கள் குரலைப் போட்டேன். "டேய் கதிரு" என்று நீங்கள் தொடங்கும் இடத்தில் பானையை உருட்டியது மாதிரி ஏதோ வந்தது. அடுத்த வாக்கியம் சுவரில் மோதியது. அதற்கடுத்தது டிரம்முக்குள் போய் அரிசியோடு அரிசியாக உட்கார்ந்துகொண்டது. எனக்கே நீங்கள் பேசியது புரியவில்லை. பேஸ் இருந்தது, பேச்சு இல்லை.

அம்மா பிளாஸ்டிக் சேரில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். "தறி ஓடற மாதிரியே இருக்குது சாமி" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "நல்ல தறிதான். புதுத் தறி" என்று சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மைக் செட் மணி அண்ணனைக் கூட்டிவந்தேன். நம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவாரே, அவர்தான். உள்ளே வந்தவர் பெட்டியைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, ரூமு பத்துக்கு எட்டு. இந்த டப்பா ஊருக்கே பத்தும். நீ என்ன, உள்ள உக்காந்துட்டு நோம்பி சாட்டப் போறியா?"

"சவுண்டு வேணுமில்லீங்ண்ணா."

"யாருக்குச் சவுண்டு? உங்கப்பன் பேசறது கேக்கோணுமா, உங்கப்பன் குதிக்கறது கேக்கோணுமா? மனுசன் பேச்சுக்குப் பேஸு எதுக்குடா? சின்ன டப்பா ரெண்டு வாங்கு. சொவத்துல ஒட்ட வெக்காத, ஒரு மொழம் முன்னால இழு. உக்காந்தா காது எந்த ஒசரத்துல வருதோ அந்த ஒசரத்துல வெய்யி. ரெண்டுக்கும் நடுவுல அக்காவ உக்கார வெய்யி. பாட்ட போட்டுப் பாக்காத. எதக் கேக்கப் போறியோ அதப் போட்டுப் பாத்து வாங்கு."

இதைக் கேட்காமல் கிளம்பியதற்கு என்னை நானே இரண்டு தட்டு தட்டிக்கொண்டேன். பிறகுதான் டிரம் நகர்ந்தது. ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு முழம் கிடைக்க வேறு வழி இல்லை. மணி அண்ணன் தள்ள, நான் இழுக்க, அம்மா "மெதுவா, மெதுவா" என்று டிரம்முக்கு ஆறுதல் சொல்ல, வேலை முடிந்தது.

பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சேலம். கடைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நேத்து பேஸ் பத்தலைன்னு சொன்ன தம்பிதானே நீங்க?"

"ஆமாங்க. இன்னிக்குப் பேஸ் மிஞ்சிப்போச்சுங்க."

மனிதர் நல்லவர். முனகினாலும் மாற்றித் தந்தார். இந்தத் தடவை பாட்டு இல்லை. உங்கள் பதிவு ஒன்றைப் போட்டேன். சின்னதாக இரண்டு பெட்டி. கலர் விளக்கு கிடையாது, பார்த்தால் ஆளே மதிக்க மாட்டான். அதிலிருந்து, கடை நடுவில், நாலு பேர் மிக்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் வந்தீர்கள்.

"டேய் கதிரு, கெமிஸ்ட்ரில பதினெட்டாமா? உங்க வாத்தியார் போன் பண்ணாரு. அதுல எட்டு அவரு போட்ட பிச்சையாமா. லாரி டயருக்கே அதவிட அதிகமாக் காத்து இருக்கும்டா."

மிக்சி பார்த்த அக்கா ஒருவர் சிரித்துவிட்டார். தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. நீங்கள் எச்சில் விழுங்குவது கேட்டது. பின்னால் யாரோ இந்தியில் டீ விற்பது கேட்டது.

"உங்கப்பாங்களா தம்பி?" என்றார் கடைக்காரர். "நல்லாக் கறாராப் பேசறாரு. எங்க இருக்காரு?"

"லோடு ஏத்திட்டுப் போயிருக்காருங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது. பதிவைக் கடைசி வரை ஓட விடாமல் நிறுத்திவிட்டு, "இதையே கட்டிக் கொடுத்துருங்க" என்றேன்.

வீட்டில் எல்லாம் மணி அண்ணன் சொன்னபடி. ஒரு முழம் தள்ளி, காது உயரத்தில். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, திதிக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள். யாரோ வரப்போகிற மாதிரி. நான் பார்க்காத மாதிரி வயரைச் சொருகிக்கொண்டிருந்தேன்.

போட்டேன். நீங்கள் பேசினீர்கள். அறை முழுக்க நீங்கள்தான். சுவரில் இடிக்கவில்லை, டிரம்மில் விழவில்லை. அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா இடப்பக்கப் பெட்டியைப் பார்த்தாள். வலப்பக்கப் பெட்டியைப் பார்த்தாள். முன்னால் குனிந்து, அந்தக் கறுப்புத் துணியை உற்று உற்றுப் பார்த்தாள். அங்கே என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வாயைத் தேடினாள் அப்பா. பேச்சு என்றால் அவளுக்கு உதடு. இத்தனை வருடமும் காதால் கேட்டதே இல்லை, கண்ணால் கேட்டவள். இதை வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியாதா? மணி அண்ணனுக்குத் தெரியாதா? அவளுக்கே தெரியாதா? நல்ல பெட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்று மூன்று பேரும் டிரம்மை நகர்த்திக்கொண்டிருந்தோம்.

"நல்லாக் கனமா இருக்குதுடா கொரலு" என்றாள். "இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்." கறுப்புத் துணியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஆனா என்னன்னு பிடிபடலையே சாமி" என்றாள்.

உலகத்தில் எந்தக் கடையில் போய் அதற்கு ஒரு பெட்டி கேட்பேன்?

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சேரை இழுத்துப் போட்டு, வலது கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டாள். என்னை எதிரில் முக்காலியில் உட்காரச் சொன்னாள். "நீ சத்தம் போடாத. அவிங்க பேசறப்ப நீ வாய மட்டும் அசை. கொரலு அவிங்களது, வாயி உன்றது" என்றாள்.

நான் மிமிக்ரி மன்னன் ஆயிற்றே. உங்கள் பதிவெல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் பதிவை ஓட விட்டு, நீங்கள் மூச்சு இழுக்கும் இடத்தில் மூச்சு இழுத்து, "அட கெரகமே"வுக்குத் தலையை ஆட்டி, ஒரு எழுத்து பிசகாமல் வாயசைத்தேன். அம்மா முகம் மெல்ல மெல்லத் திறந்தது. அவள் உதடும் என் உதட்டோடு அசைந்தது. குடோனில் நீங்கள் இருவரும் இப்படித்தான் எதிரும் புதிருமாக நின்றிருப்பீர்கள் என்று தோன்றியது. டீசல், டோல்கேட், எனக்கு நாலு திட்டு, கேஸ் புக் பண்ணச் சொன்னது, எல்லாம் முடிந்தது. நான் வாயை மூடினேன்.

அம்மா கையை எடுக்கவில்லை.

"ஏன்டா நிறுத்திட்ட? இன்னும் ஆடுதே."

"அது லாரி இஞ்சின் சத்தம்மா."

அவள் கையை அழுத்தி வைத்துக் கவனித்தாள். இருபத்தி ரெண்டு வருடம் மிஷினோடு நின்ற கை.

"மிசினு ஒரே சீரா ஓடும் கதிரு. இது மூச்சு வுட்டு மூச்சு வுட்டு வருது. ஆளு பேசறாங்க."

நான் குழாயைத் திறந்து வைத்துவிட்டேன், தண்ணீர் வழிகிறது என்று ஏதோ சொல்லி வெளியே ஓடிவிட்டேன். குழாய் மூடித்தான் இருந்தது. அதைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடினேன்.

அது நடந்து மூணு நாள் ஆகிறது. அம்மா திரும்பக் கேட்கவில்லை. தறிக்குப் போகும் முன் தினமும் ஒரு தடவை அறைக்குள் வந்து, ஓடாத ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். திட்டினால் பரவாயில்லை. திட்டுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

அவளுக்குத் தெரியாததும் உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததும் இதுதான். எனக்குத் திட்டு முடிந்ததும் ஒவ்வொரு பதிவிலும் நீங்கள் குரலைத் தாழ்த்துவீர்கள். "டேய், இத அம்மாகிட்ட அப்பிடியே சொல்லோணும்" என்பீர்கள். அன்றைக்கு அவள் கைக்குக் கீழே ஓடியது என்ன தெரியுமா? "சாந்தா, முன்னால ஒரு லாரி போச்சு கண்ணு. பின்னால உன்ற பேரு எழுதியிருந்துச்சு. தாண்டிப் போக மனசு வரல. பத்து கிலோமீட்டரு அது பின்னாலயே போனேன்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தறி லீவு. அன்றைக்குக் காலையில் முக்காலியைப் போட்டு அவள் எதிரில் உட்காரப் போகிறேன். நாற்பத்தி மூன்றையும் முதலிலிருந்து, பெட்டி ஆடி நிற்கும் வரைக்கும் வாயசைப்பேன். இடையில் குழாய்க்கு ஓட மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

நாணயமான நிலையம் என்று இந்தக் கடிதத்திலேயே பீற்றியிருந்தேன் அல்லவா? அந்தக் கடைசிப் பகுதியை நான் ஒரு தடவைகூட அம்மாவிடம் சொன்னதில்லை அப்பா. பெரிய காரணம் எதுவும் இல்லை, வெட்கம். பெற்ற தாயிடம் போய் ஒரு பையன் இதையெல்லாம் எப்படி வாயைத் திறந்து சொல்லுவான் என்று விட்டுவிட்டேன். வீடியோ காலில் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க உங்களுக்கும் கூச்சம். அதனால் அடுத்த தடவை என்னிடம்தான் கேட்பீர்கள், "சொன்னியாடா? அம்மா என்ன சொன்னா?" என்று. "சிரிச்சாங்கப்பா" என்பேன். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன், நீங்களும் ஒவ்வொரு தடவையும் நம்பினீர்கள். அம்மா சிரிக்கவில்லை அப்பா. அவளுக்குத் தெரியவே தெரியாது.

வாய் மட்டும் நீண்ட உங்கள் மகன்,
கதிர்